ஒரு லாரித் தண்ணீர்

நான்கு நாளாகக் குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை. லாரி வந்து நின்றதும் சகாயமேரி முதல் ஆளாகக் குடத்தோடு ஓடினாள்.

"இது உங்களுக்கு இல்லம்மா," என்றார் லாரியோடு வந்த என்ஜினியர். "மழைத்தண்ணிய உறிஞ்சுற புது ரோடு. வண்டி ஏறினா உடையக் கூடாதுன்னு பலப்படுத்தியிருக்கோம். இன்னமும் உறிஞ்சுதான்னு பாக்கணும்."

"ஒரு குடம் மட்டும் சார்."

"அளவு குறைஞ்சா டெஸ்ட் தப்பாயிடும்மா."

வால்வைத் திறந்தார்கள். பன்னிரண்டாயிரம் லிட்டரும் காங்கிரீட்டின் பொடித் துளைகளுக்குள் சத்தமில்லாமல் இறங்கிப் போனது. அதிகாரிகள் கைதட்டினார்கள். தண்ணீர் தேங்கவில்லை என்று காட்ட ஊர்க்காரர் ஒருவர் நிற்கும் படம் வேண்டுமாம். சகாயமேரியைச் செருப்பைக் கழற்றச் சொல்லி ரோட்டின் நடுவில் நிறுத்தினார்கள்.

"குடத்த மறைச்சுக்கிட்டு லேசா சிரிங்கம்மா," என்றார் படம் எடுப்பவர்.

அவள் குடத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். உள்ளங்காலில் மட்டும் கொஞ்சம் ஈரம் இருந்தது.