மறுப்பு-கடைசி-புதிது

"ஆர் இந்தக் கட்டளையை மாத்தினது?" கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஜனா சேர் வந்த வேகத்தில் றொசானாவின் பிளேன்டீ ததும்பிப்போனது.

மாற்றியது சாட்சாத் அவரேதான். ஆனால் முதலாளியின் முகத்துக்கு நேரே அதைச் சொல்லிவிட்டு, வெள்ளவத்தையில் வேறு வேலை தேடி அலைய அவளுக்குத் தெம்பில்லை.

அது கல்யாணப் பொருத்தம் பார்க்கும் கந்தோர். பெயரும் படமும் நேரே வீட்டாருக்குப் போய்விடும். கந்தோரில் எல்லாரும் வெறும் இலக்கம்தான். ஒரு வீட்டார் வேண்டாமென்றால், மற்ற வீட்டாருக்கு மனம் நோகாமல் கடிதம் எழுதுவது ஏஐயின் வேலை. எப்படி எழுதவேண்டும் என்று அதற்குக் கட்டளை எழுதி வைப்பது றொசானாவின் வேலை.

சைவக்காரருக்கு, 'சாதகம் பொருந்தவில்லை.' கத்தோலிக்கருக்கு, 'மாப்பிள்ளை மேலே படிக்கப்போகிறார்.' இப்படி அவள் தனித்தனியாகப் பிரித்து வைத்தால், ஜனா சேர் ஆசைக்கு ஒன்றைத் திருத்தி 'மறுப்பு-கடைசி', 'மறுப்பு-கடைசி-புதிது' என்று கண்டபடி போட்டுவைப்பார். எது உண்மையில் கடைசி என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்!

"வேதக்காரப் பிள்ளைக்குச் சாதகம் பொருந்தேல்லையெண்டு கடிதம் போயிருக்கு. லண்டனில இருந்து தாய்மாமன் லைனில நிக்கிறார். சமாளியும். அந்தாள் பேஸ்புக்கில போட்டுதெண்டால், நாளைக்கு உமக்கு இஞ்ச வேலையில்லை."

ஸ்பீக்கரில் கிழவர் வெடித்தார். "என்ர தங்கச்சியின்ர பிள்ளைக்கு ஞானஸ்நானச் சேட்டிபிக்கட்தான் இருக்கு. சாதகம் எங்கயிருந்து வந்தது? ஆரோட விளையாடுறீங்கள்?"

யார் எடுத்தாலும் றொசானா முதலில் பதிவு இலக்கத்தைத்தான் கேட்பாள். இந்த முறை கேட்கவில்லை, வாயே திறக்கவில்லை. கடைசியில் ஜனா சேரே குழைந்து, "இண்டைக்கே மன்னிப்புக் கடிதம் வரும் அங்கிள்" என்று சொல்லி வைத்தார்.

"வாயில என்ன கொழுக்கட்டையோ? கடிதத்தையாவது ஒழுங்கா எழுதும்."

"உண்மையில என்ன காரணம் சேர்?"

"அதையேன் கேக்கிறீர்! பிள்ளைக்கு வயசு கூடவாம். படத்திலயே முகம் களைச்சுப்போய்க் கிடக்குதாம். பெடியன்ர தாய் ஒருக்காப் பாத்திட்டு மூடிப்போட்டாவாம்." சொல்லிவிட்டு அவர் சிரித்தார்.

றொசானா கணினிப் பக்கம் திரும்பினாள். பழைய கட்டளைகளை ஒவ்வொன்றாக அழித்தாள். சரியானவற்றை மட்டும் வைத்து, யாருக்கு எது என்று பெயர் போட்டாள். கடிதத்தில் ஒரு வரிகூட ஏறவில்லை.

"இன்னும் எழுதேல்லையே? பாவம், அந்தப் பிள்ளையின்ர மனம் ஆறவேணும். நல்லா உருக்கமா எழுதும்."

"கடிதம் தேவையில்லை சேர்." குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புத்தான்.

"ஏன்?"

"அந்தப் பிள்ளை நான்தான்."