சுப்ரஜா கொடுத்த புகார்

சுப்ரஜா மண்டபத்துக்குள் நுழைந்ததும் முன்வரிசையில் பேச்சு நின்றுபோனது.

"இவள யாரு கூப்பிட்டா?" என்று வன்னியபெருமாள் அண்ணாச்சி பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். அது நாலு வரிசைக்குக் கேட்டது.

கூப்பிட்டது அவர் மகள் உமாராணிதான். பாராட்டு விழாவே அவளுக்குத்தான். கோவையில் நடந்த தேசிய கார் பந்தயத்தில், பதினாறு பேர் ஓட்டியதில் மூன்றாவதாக வந்திருந்தாள்.

தெருவில் ஓடுகிற அதே கார்தான். இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு, உள்ளே இரும்புக் கூண்டு வைத்து ஓட்டுவார்கள். ஆண்கள் பதினாலு பேர், பெண்கள் இரண்டே பேர். அந்த இரண்டு பேரும் தூத்துக்குடி மாவட்டம்.

உமாராணி அப்பாவின் லோடு வேனை எடுத்து ஆறுமுகநேரி உப்பளத்து வரப்பில் ஓட்டிப் பழகியவள். இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர், நடுவில் ஒரு வண்டி அகலம். அதில் ரிவர்ஸ் எடுத்தவளுக்குப் பந்தயப் பாதை அகலமாகத்தான் தெரிந்தது. சுப்ரஜா ஆழ்வார்திருநகரி வாத்தியார் மகள்; சென்னையில் கார் கம்பெனி என்ஜினியர்.

பந்தயத்தன்று அந்த சுப்ரஜா செய்ததுதான் ஊருக்குப் பொறுக்கவில்லை.

யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்பதை முடிவு செய்யும் தகுதிச் சுற்றில் உமாராணி இரண்டாவது, சுப்ரஜா மூன்றாவது. பந்தயத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, உமாராணியின் காரைப் பிரித்துச் சோதிக்க வேண்டும் என்று சுப்ரஜா அதிகாரிகளிடம் எழுதிக் கொடுத்தாள். பிரித்தார்கள். விதிமீறல் எதுவும் இல்லை என்று அறிவித்தார்கள். ஆனால் காரைத் திரும்ப மாட்டி முடிப்பதற்குள் மற்றவர்கள் வரிசையில் நின்றாயிற்று. உமாராணியைக் கடைசியில் நிறுத்திவிட்டார்கள்.

பதினாறாவது இடத்திலிருந்து கிளம்பினாள். ஒவ்வொருவராகத் தாண்டி, கடைசிச் சுற்றில் நாலாவதாக வந்துவிட்டாள். முன்னால் சுப்ரஜா.

கடைசி வளைவில் சுப்ரஜா பிரேக் போட்டாள். அந்த இடத்தைத் தாண்டியும் உமாராணி போடவில்லை. உள்பக்கமாகப் புகுந்து, இனிமேல் முடியாது என்கிற இடத்தில் ஒரே மிதி. கார் அடங்கித் திரும்பியது. மூன்றாவது உமாராணி, நாலாவது சுப்ரஜா.

அந்த வீடியோவைப் பார்க்காத கடை தூத்துக்குடியில் இல்லை. பார்த்தவர்கள் எல்லாரும் உமாராணியைக் கொண்டாடிய கையோடு சுப்ரஜாவைத் திட்டினார்கள். பொறாமைக்காரி என்றார்கள். உமாராணி மட்டும், புகார் கொடுப்பது அவள் உரிமை, அதற்குப் பதிலை ஓட்டிச் சொல்லியாயிற்று என்று சொல்லிவிட்டாள். சுப்ரஜாவை விழாவுக்கு அவளே போன் செய்து அழைத்தாள்.

வன்னியபெருமாள் மைக்கைப் பிடித்தார். மகளைப் பற்றி நாலு வார்த்தை பேசினார். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"கூட ஓட்டுத பொம்பளப் புள்ள முன்னுக்கு வந்துரக் கூடாதுன்னு பொய்ப் புகார் குடுத்தவங்களும் இங்கன வந்து உக்காந்திருக்காங்க."

கூட்டம் கை தட்டியது. சுப்ரஜா தலையைக் குனியவில்லை. கொண்டுவந்த பூச்செண்டை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"கொஞ்சம் நில்லுங்க" என்று மேடையிலிருந்து ஒரு குரல். உமாராணியின் அண்ணன் சிவப்பிரகாஷ். எட்டயபுரம் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். தங்கையின் காரைப் பந்தயத்துக்குத் தயார் செய்வது அவன்தான்.

அப்பாவின் கையிலிருந்து மைக்கை வாங்கினான்.

"அது பொய்ப் புகார் இல்லப்பா. அன்னைக்குக் காலையில அவங்க மொதல்ல எங்கிட்டதான் வந்தாங்க. உங்க வண்டி பின்சக்கரத்துல எண்ணெய் கசியுது, பிரேக் குழாயப் பாருங்கன்னு சொன்னாங்க. நம்மளப் பயங்காட்டிப் பாக்குதாங்கன்னு நெனச்சு, நான் சிரிச்சு அனுப்பிட்டேன்."



வேறு வழியில்லாமல்தான் அவள் புகார் எழுதிக் கொடுத்தாள் என்றான். புகார் வந்தால் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். பிரித்தபோது, அவன் கையால் பூட்டிய குழாய் உரசி உரசித் தேய்ந்து நூலளவில் நின்றிருக்கிறது. புதுக் குழாய் மாட்டினான். அந்த நேரத்தில் உமாராணி ஓட்டுநர்கள் கூட்டத்தில் இருந்ததால் அவளுக்குத் தெரியாது.

"ரேஸ் முடியுத வரைக்கும் உமாட்ட சொல்லாதீங்கன்னு மட்டும் கேட்டாங்க. முடிஞ்ச பொறவும் சொல்ல எனக்குத்தான் வாய் வரல. மூணு வாரமா ஊரே அவங்களத் திட்டுனப்ப, கேட்டுக்கிட்டு சும்மா இருந்துட்டேன்."

வன்னியபெருமாள் மேடைப் படியின் கைப்பிடியைப் பிடித்து மெல்ல இறங்கப் பார்த்தார். அதற்குள் உமாராணி இறங்கி சுப்ரஜாவின் முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"எங்கிட்டயே நேரா சொல்லியிருக்கலாம்லா? நான் நம்பியிருப்பேனே."

"நம்பியிருப்பே, தெரியும்" என்றாள் சுப்ரஜா. "ஆனா, சரி பண்ணின பிறகும் அந்த பிரேக் மேல உனக்கு பயம் இருந்திருக்கும். கடைசி வளைவுல என்னை முந்தியிருக்க மாட்டே."