வலது காது

பாட்டு கேட்கும் கருவி வாங்கிய அன்று நான் நிறத்தை மட்டும்தான் பார்த்தேன். மாடலைத் தேர்ந்தெடுத்தது என் கணவன் நிவேதன். கடைக்காரரிடம் அரைமணி நேரம் தனியாகப் பேசிவிட்டு வந்து, "புருஷன் பொண்டாட்டிக்குன்னே வந்திருக்காம். இதையே எடுத்துக்கலாம் தாரிணி" என்றான்.

நான்கு வருடமாகத் தினமும் தாம்பரம் ரயிலில் இடது இயர்போன் எனக்கு, வலது அவனுக்கு. எனக்குப் பிடித்த வரி வரும்போது சரியாக என் கையைப் பிடிப்பான். அந்த ஒன்றுக்காகவே அவனுடைய எத்தனையோ கோபங்களை விழுங்கியிருக்கிறேன்.

இன்று எனக்கு இடது காதில் வலி. "மாத்திக்கலாம்" என்றேன்.

"வேண்டாம், என்னோடது சரியா கேக்காது."

நான் விடவில்லை. என்னுடையதை அவன் காதில் செருகிவிட்டு, அவனுடையதை மாட்டிக்கொண்டேன்.

அதில் பாட்டே இல்லை. ஒரு பெண் குரல் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது: "தலையை லேசா ஆட்டுங்க. போதும். அடுத்து அவங்களுக்குப் பிடிச்ச வரி. இப்ப கையைப் பிடிங்க."

அந்த வரி இப்போது அவன் காதில்தான் ஓடிக்கொண்டிருக்கும். தெரிந்த பிறகும் காத்திருந்தேன்.

அவன் கை மடியிலேயே கிடந்தது.