மதியம் கேட்ட மன்னிப்பு

அந்த அலுவலகக் கணினியில் பகலெல்லாம் யார் எதை மாற்றினாலும், ஆறு மணிக்கு அது காலையில் இருந்தபடி ஆகிவிடும். இந்த வருடம் முதல், அதன்முன் உட்காருகிறவர்களின் மனதுக்கும் அதே விதிதான்; பகலில் நடந்தது எதுவும் ஆறு மணிக்குமேல் நினைவில் இருக்காது.

அங்கே வேலை பார்க்கும் மனைவி ஸ்டெல்லாவின் அப்பாவைப் பற்றிக் காலையில் மட்டமாகப் பேசிவிட்ட அருள்ராஜுக்கு, இது தெரிந்தும் மாலைவரை பொறுக்க முடியவில்லை. மதியமே போன் போட்டு, திக்கித் திணறி மன்னிப்புக் கேட்டான். அவள் அழுதாள். பிறகு, "சரி, விடுங்க" என்று சிரித்தாள்.

ஆறு மணிக்கு, காலையில் போன அதே கோபத்தோடு வெளியே வந்தாள். வாசலில் காத்திருந்தவன் மதியம் சொன்னதையே மறுபடி சொன்னான். இந்த முறை ஓரிடத்திலும் திக்கவில்லை.

ஸ்டெல்லா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மனப்பாடம் பண்ணிட்டு வந்தீங்களா?"