பத்து கஜச் சங்கிலி

அந்தச் சின்னக் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில், ஓட்டத்தை அளக்கும் பத்து கஜச் சங்கிலியின் முன்கம்பைப் பிடிப்பவர் தேவசகாயம். ஆடுகிறவனைப் பெற்ற தகப்பன் அளவுகோலைப் பிடிக்கலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆள் கிடைக்காத அமெரிக்கச் சிற்றூர். கம்பைப் பிடித்தவன் கைதட்டக் கூடாது, கத்தக் கூடாது, ஆட்டக்காரர்களிடம் பேசக் கூடாது. அதனால் மகன் ஜெபின் பந்தோடு பாய்ந்த நாளெல்லாம் அவர் மரம்போல நின்றார். வீட்டுக்குப் போனபிறகுதான், "நல்லா ஓடுன மக்களே" என்பார்.

பருவம் முழுக்கத் தோற்காத அணி, தோற்றால் வெளியே என்கிற சுற்றுக்கு வந்திருந்தது. ஜெபினுக்கு இது கடைசி வருடம். ஆட்டம் முடியும் தறுவாயில், பின்தங்கியிருந்த அணிக்கு, பத்து கஜம் முன்னேறத் தரும் நாலு வாய்ப்பில் கடைசியில், பந்து அவன் கைக்கே வந்தது. எட்டாவிட்டால் பந்து எதிரணிக்கு; ஆட்டம் அத்தோடு முடிந்தது. நாலைந்து பேர் மேலே விழ, பனிச்சேற்றில் குப்புறச் சாய்ந்தான். பத்து கஜம் எட்டியதா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. நடுவர் சங்கிலியைக் கொண்டுவரச் சொன்னார்.

தேவசகாயம் மகனின் தலைமாட்டில் கம்பை ஊன்றினார். சங்கிலி விறைத்தது. எட்டாமல் நின்ற பந்துக்கும் கம்புக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடம் இருந்தது.

தலைக்கவசத்துக்குள் சேறு அப்பிக் கண் தெரியாமல் கிடந்த ஜெபின், கையால் துழாவி அப்பாவின் பூட்ஸைப் பிடித்தான்.

"எட்டிருச்சாப்பா?"

நடுவர் குனிந்து பார்த்து நிமிர்ந்தார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உயர்த்தி, நடுவே அந்தச் சின்ன இடைவெளியைக் காட்டினார்.

"அப்பா, சொல்லுங்கப்பா."

கம்பை எடுக்கும்படி இன்னும் யாரும் சொல்லவில்லை. தேவசகாயம் அதை இரண்டு கைகளாலும் நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார்.