நல்ல நாளில் போட்ட சீமெந்து

அவர் கையை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தார்.

சமையலறை ஜன்னலுக்குள் நின்று அவள் பார்த்தாள். பின்வளவில், சுவரோரம், முழங்கால் வரை ஜாக்கெட் போட்ட ஒரு பெண் அதிகாரி. ஹீட்டர் மாற்றத் தரும் அரசாங்க மானியத்துக்காக வீட்டைப் பார்க்க வந்தவர். பக்கத்தில் இவளுடைய கணவர்.

இருவருக்கும் நடுவே புதிதாகப் போட்ட சீமெந்துத் தட்டு. அதன் மூலையில் குங்குமம்.

வாயை மூடுங்கோ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கண்ணாடியைத் தட்டினாள். கணவர் திரும்பிச் சிரித்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அவருடையது ஸ்காபரோ நகரில் பஸ் ஓட்டிப் பழகிய ஆங்கிலம். ஏறியவர்கள் இறங்கும்வரை நிற்காது.

கோடையில் தொடங்கிய விண்ணப்பம் இது. பேஸ்மென்டில் இருக்கும் பழைய ஹீட்டரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினால் இருட்டு என்றார்கள். விளக்கைப் பிடித்துக்கொண்டு எடுத்தால் மினுங்குகிறது என்றார்கள். ஹீட்டரின் வயதுக்கு அத்தாட்சி கேட்டார்கள். இவர்கள் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே அது இங்கே இருந்தது. அதன் பிறப்புச் சான்றிதழுக்கு யாரிடம் போவது?

ஒவ்வொரு முறையும் அவள்தான் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொரு முறையும் கடைசியில் அதே வரி வந்தது. அனுமதி கிடைக்கும்வரை வேலையைத் தொடங்க வேண்டாம்.

தொடங்கவில்லையே.

அவள் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

மகள் ஆரணிக்குத் தை மாதம் பிள்ளை. முதற்பிள்ளை. தாய்வீட்டில் இருந்துதான் பெற வேண்டும், தாய் கையால்தான் முழுக வார்க்க வேண்டும். மேலறையில் கட்டில் போட்டாயிற்று. அந்த அறைக்குச் சூடுதான் ஏறுவதில்லை. பழைய ஹீட்டர் கீழேயே மூச்சு வாங்கிவிட்டு நின்றுவிடும். மருமகன் ஒருநாள் வந்து, ஜாக்கெட்டைக் கழற்றாமல் அந்த அறையைச் சுற்றிப் பார்த்தான். அப்படியே இறங்கிப் போனான். பிறகு ஆரணிதான் போனில் சொன்னாள், அறை சூடானால் வருகிறேன் என்று.

ஹீட் பம்ப் என்ற புது மெஷினை வாங்கிப் பூட்டினால் சூடாகும். மானியம் வந்தால் பூட்டலாம். வராவிட்டால் அந்தப் பேச்சே இல்லை.

அதற்குள் மார்கழி வந்துகொண்டிருந்தது. மார்கழியில் எதையும் தொடங்க முடியாது. கார்த்திகை முடிவதற்குள் நல்ல நாள் பார்த்துச் சும்மா ஒரு தொட்டுவைப்பு, நாள் வேலை. அதைச் செய்துவிட்டால் மிச்சத்தை எப்போதும் செய்யலாம். ஊரில் வீடு கட்டினாலும் அப்படித்தான். கோயில் ஐயரிடம் அவளே நாள் கேட்டு வந்தாள். கணவர் ஒரு வாளி சீமெந்து குழைத்தார். ஹீட் பம்பின் வெளிப்பெட்டி இருக்கப்போகும் இடத்தில் ஊற்றினார். தேங்காய் உடைத்தார்கள், குங்குமம் வைத்தார்கள். அவ்வளவுதான். பெட்டி இல்லை, குழாய் இல்லை, ஒரு வயர்கூட இல்லை.

அதைத்தான் இப்போது அவர் விளக்கிக்கொண்டிருந்தார்.

குங்குமத்தைத் தொட்டுக் காட்டினார். வானத்தைக் காட்டினார். இல்லாத தேங்காயை ஓங்கி உடைத்தார்.

அதிகாரி உண்மையாகவே ரசித்துக் கேட்டார். தலையாட்டினார். பிறகு கையிலிருந்த கருவியில் எதையோ எழுதினார்.

அவள் செருப்பைக் கொழுவிக்கொண்டு கதவைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மிக அழகான வழக்கம் என்றார் அதிகாரி. மன்னிக்கவும் என்றும் சொன்னார். அனுமதிக்கு முன்பே வேலை தொடங்கிவிட்டது. விதி அப்படி. இந்த வீட்டுக்கு மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது. போகும்போது தட்டைப் படம் எடுத்துக்கொண்டார்.

அந்தப் படம் இருட்டாக வந்திருக்காது.

அவளுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. அதிகாரி மீதா, விதி மீதா, இந்த மனுசனின் வாய் மீதா, ஓடிப்போய் நாள் கேட்டு வந்த தன் மீதா. எல்லார் மீதும்தான்.

கணவர் வாசலிலேயே நின்றார். சப்பாத்தைக் கழற்றவில்லை.

"அது வேலை இல்லையேப்பா. நாள் மட்டுந்தானே வைச்சது."

அவளிடம் பதில் இருந்தது. கோடையிலிருந்து சேர்த்துவைத்த பதில். அவருடைய முகத்தைப் பார்த்தாள். அந்தப் பதிலோடேயே உள்ளே போனாள்.

பின்னேரம் ஆரணி அம்மாவுக்குப் போன் எடுத்தாள். வந்து பார்த்தார்களா என்று கேட்டாள். இவள் நடந்ததைச் சொன்னாள். அப்பா பேசியதை மட்டும் சொல்லவில்லை.

பிறகு ஆரணி, பரவாயில்லை அம்மா, நான் இங்கேயே இருக்கிறேன் என்றாள். இங்கே என்றால் மாமியார் வீட்டில். மூலைமுடுக்கெல்லாம் சூடாக இருக்கும் வீடு.

மகளின் குரலில் கவலை இருந்தது. கூடவே கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மாமியிடம் போனைக் கொடு என்றாள்.

சம்பந்தி நல்ல மனுசி. ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம், தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்குத்தூளை இடித்துவைத்துவிட்டேன், கொண்டுவந்து தருகிறேன் என்றாள் இவள். எத்தனை கரண்டி போடுவது, எத்தனை பல் உள்ளிப்பூண்டு சேர்ப்பது, எவ்வளவு நேரம் கொதிக்கவிடுவது, எல்லாம் சொன்னாள்.

சம்பந்தி போனை வைக்கப் போனார். இவள் நிறுத்தினாள்.

"உள்ளியை மட்டும் அரைச்சுப் போடுங்கோ. முழுசாக் கிடந்தா அவள் ஒதுக்கிப்போடுவாள்."