பழைய அறையில் தினகரன்

மண்டப வாசல் மின்பலகையில் நேற்றைய ஜோடியே மின்னிக்கொண்டிருந்தது: ‘பிருந்தா – தினகரன்’. மேடையில் நின்றதோ தேன்மொழியும் செங்குட்டுவனும். பரிசுப் பெட்டியோடு வந்தவர்கள் பலகையைப் படித்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

கம்ப்யூட்டரைக் கவனிக்கும் அமலன், புதுப் பெயர்களை எழுதும் ‘ஸ்கிரிப்ட்’ என்ற குட்டி ப்ரோகிராமை மறுபடி ஓட்டினான். எழுதிவிட்டதாகச் சொன்னது. திருப்பி வாசிக்கச் சொன்னால் பிழையில்லாமல் வாசித்தது. விட்டால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யும் போலிருந்தது. பலகை மட்டும் தினகரனை விடவில்லை.

மாப்பிள்ளை கழுத்து மாலையோடு இறங்கி வந்துவிட்டார். பின்னாலேயே மணமகளும் வந்தாள்.

“என்னய்யா, விளையாடுறியா?”

“கம்ப்யூட்டர் எல்லாத்தையும் ரெஜிஸ்ட்ரின்னு ஒரு இடத்துல குறிச்சு வைக்கும் சார். அதுல ரெண்டு அறை. பழைய 32-பிட் ப்ரோகிராமுக்கு ஒண்ணு, புது 64-பிட்டுக்கு ஒண்ணு. ஸ்கிரிப்டை இன்னைக்குத்தான் புதுசுக்கு மாத்தினேன், பலகை ப்ரோகிராம் பழசு. இது புது அறையில எழுதினது அதுக்குத் தெரியல.”

சொல்லிக்கொண்டே பலகைக்கும் புது ப்ரோகிராமைத் திறந்துவிட்டான். செங்குட்டுவன் பளிச்சென்று மின்னினார்.

“அப்ப, அந்தத் தினகரன் அழிஞ்சிட்டானா?”

“இல்ல சார், பழைய அறையில பத்திரமா இருப்பாரு. புதுசு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காது.”

மாலையைச் சரிசெய்தபடி மணமகள் அமலனிடம் தணிந்த குரலில் கேட்டாள்:

“நிச்சயமாப் பாக்காதுல்ல?”